சட்டைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்டீல் நல்லது?" என்றுதான். அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. ஒரு வாரத்தில் எதையெல்லாம் வெட்டுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கூரியர் பெட்டியின் பழுப்பு டேப், அரிசி மூட்டையின் வாய்த்தையல், பால் பாக்கெட், புதுச் சட்டையில் விலைச்சீட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நரம்பு, மதியத்துக்கு ஒரு கொய்யாவோ மாங்காயோ, எப்போதாவது கொஞ்சம் சணல் கயிறு. இதில் எதற்கும் இரண்டரை அங்குலத்துக்கு மேல் அலகு தேவையில்லை. கையில் ஒரு கெத்து இருக்கட்டும் என்று நாலு அங்குலக் கத்தியை வாங்கியவர்கள், கனம் தாங்காமல் ஒரு மாதத்தில் அதை மேசை இழுப்பறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் கிடக்கிற நல்ல கத்தியைவிடப் பையில் இருக்கிற சுமாரான கத்திதான் உபயோகம்.

நீளத்துக்கு 3 அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டர், என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கைக்கு வசதி என்பது ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதிலும் விலக்கு. ஆனால் டில்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, பொத்தானை அமுக்கினால் தெறித்துத் திறக்கிற வகைக் கத்திகளைக் குறிவைத்து, அளவை 7.62 செ.மீ நீளம், 1.72 செ.மீ அகலம் என்று இறக்கியது. பிரிட்டனிலும் அதே 3 அங்குலம்தான். அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாய், அதாவது வெட்டும் விளிம்பு, 3 அங்குலத்துக்கு மிகாத, திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் கத்தி 'மடக்குக் கத்தி'யே ஆகாது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஜெர்மனியில், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியோடு தகுந்த காரணமில்லாமல் வெளியே போகக் கூடாது. லண்டனிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருப்பவர்கள் கத்தியின் அழகைப் பார்ப்பதற்கு முன் பூட்டைப் பார்க்க வேண்டும்.

தோற்றத்தையும் சேர்த்தே யோசியுங்கள். சிவப்புப் பிடியில் கத்தரிக்கோலோடு இருக்கும் சின்னக் கத்தியைப் பார்த்து யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அதே நீள அலகு கறுப்பு வர்ணத்தில், மண்டையோட்டுப் படத்தோடு, தெறித்துத் திறந்தால் இரவு வாகனச் சோதனையில் நீங்கள் அளவுகோலை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தடிமன். கடைக்காரரும் பேசமாட்டார், விளம்பரமும் பேசாது. ஆனால் கத்தி வெட்டுமா வெட்டாதா என்பதில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. அலகின் முதுகு 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால், வாயை எவ்வளவு தீட்டினாலும் அது ஆப்பு மாதிரிதான் வேலை செய்யும். கேரட்டில் வைத்து அமுக்கிப் பாருங்கள். பாதி தூரம் வெட்டும், மீதி தூரம் பிளக்கும், துண்டு தெறித்து ஓடும். முதுகு 2 மி.மீ அளவில் இருந்து, அங்கிருந்து வாய்வரை ஒரே சரிவாக மெலிந்து வந்தால், வாய் கொஞ்சம் மழுங்கிய பிறகும் வெட்டிக்கொண்டிருக்கும். தீட்டிய பட்டைக்குச் சற்று மேலே, கத்திப் பிரியர்கள் 'வாய்க்குப் பின்னால்' என்று சொல்லும் இடத்தில், 0.3 முதல் 0.5 மி.மீ இருந்தால் நல்லது. 0.8-ஐத் தாண்டினால் அட்டைப்பெட்டி வெட்டும்போதே கை உணர்ந்துவிடும். கடையில் அளக்க வெர்னியர் வேண்டாம். தீட்டிய பட்டையின் அகலத்தைப் பாருங்கள். அது அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெல்லிய கோடாகத் தெரிந்தால் பின்னால் மெலிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பட்டையாகப் பளபளத்தால் பின்னால் தடிமன்.

மெலிந்த அலகுக்கு ஒரு விலை உண்டு. நெம்பக் கூடாது, முறுக்கக் கூடாது. பெயின்ட் டப்பா மூடியைக் கத்திமுனையால் தூக்கியவர்கள் எல்லோரிடமும் முனை ஒடிந்த கத்தி ஒன்று இருக்கும். அலகு குறுக்கே வரும் விசைக்குச் செய்யப்பட்டதல்ல. முனைப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்பைக் கடினப்படுத்தி வைத்திருக்கிறார்கள், வளைவதற்குப் பதில் ஒடியும். நெம்புவதற்குத்தான் விக்டோரினாக்ஸ் போன்ற சுவிஸ் கத்திகளில் திருப்புளி முனையுள்ள தகடு தனியாக வருகிறது.

முனை வடிவத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். முதுகு மெல்ல இறங்கி நடுவாக்கில் முடியும் சாதாரண முனை எல்லாவற்றுக்கும் ஆகும். நாள் முழுக்கப் பார்சல் பிரிப்பவர்களுக்கு, வாய் நேர்கோடாகவும் முதுகு மட்டும் வளைந்து கீழே வருவதாகவும் உள்ள வடிவம் நல்லது. உள்ளே இருக்கும் துணியைக் குத்தாது. ரம்பப் பல் வைத்த வாய் தேங்காய்நார்க் கயிற்றையும் நைலான் கயிற்றையும் நன்றாக அறுக்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் அதைத் தீட்ட முடியாது. தினம் கயிறு அறுக்கிற வேலை இல்லாதவர்களுக்கு அது வேண்டாத தலைவலி.

பூட்டு வேண்டுமா? பூட்டில்லாத கத்தியில், பிடியின் முதுகில் உள்ள வில்தகடு அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். மடக்கும் திசையில் விசை வந்தால் மடங்கிவிடும், விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். இது எப்போது நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயமில்லை. முனையால் குத்தும்போதும், கெட்டியான பொருளில் சிக்கிய அலகை முதுகுப்பக்கமாக இழுத்து எடுக்கும்போதும்தான். பொம்மையும் பேட்டரியும் அடைத்து வரும் அந்தத் தடித்த பிளாஸ்டிக் உறையை எல்லோரும் நடுவில் குத்தித் திறக்கப் பார்ப்பார்கள். விளிம்பிலிருந்து ஆரம்பித்து உங்களை விட்டு விலகும் திசையில் இழுத்து அறுத்தால் பூட்டில்லாத கத்தியே போதும்.

பூட்டுள்ளவற்றில், பக்கத் தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் லைனர் லாக் அதிகம் கிடைக்கிறது. மலிவான கத்திகளில் கெடுவதும் இதுதான். அலகைத் திறந்ததும் தகடு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அலகின் அடிப்பக்க அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வந்து நின்றால் சரி. ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கும். புதுக் கத்தியிலேயே மறுகோடிவரை போய்விட்டால் தேய்வதற்கு இடமே இல்லை, சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். இதை மூடுவதற்குக் கட்டைவிரலை அலகு வரும் பாதையில் வைத்தாக வேண்டும் என்பது இதன் பிறவிக் குறை. முதுகில் அமுக்கித் திறக்கும் பின்பூட்டு உறுதியானது, ஆனால் உள்ளே நூல்பிசிறு அடைத்துக்கொண்டால் முழுதாகப் பூட்டாது. குறுக்கே ஒரு தண்டு ஓடும் வகையில் விரல் பாதையில் வராது. முன்பு பெஞ்ச்மேட் என்ற கம்பெனியின் கத்திகளில் மட்டும் இருந்தது, காப்புரிமை முடிந்தபின் இப்போது பலரும் செய்கிறார்கள்.

ஒரு கையால் திறக்க வேண்டும் என்பது ஏணிமேல் நிற்கிறவருக்கும், ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் உண்மையான தேவை. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்சல் பிரிப்பவருக்கு நகத்தால் இழுத்து இரண்டு கையால் திறப்பதே மரியாதை. பக்கத்து மேசைக்காரர் திடுக்கிடமாட்டார்.

எடையும் பையும். பருத்தி வேட்டிக்காரர்களை விடுங்கள், அவர்களுக்குச் சட்டைப்பைதான் கதி. சட்டைப்பைக்கு 50 கிராமுக்கு மேல் ஆகாது, குனிந்தால் விழும். பேன்ட் பைக்கு 80 கிராம்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மெல்லிய துணியில் தொங்கும், பைக்கில் உட்காரும்போது தொடையில் அழுத்தும். தடிமன் 12 மி.மீ தாண்டாமல் இருந்தால் கைபேசியோடு சண்டை போடாது. பையின் விளிம்பில் மாட்டும் கிளிப் வசதிதான், ஆனால் இறுக்கமான கிளிப் ஆறு மாதத்தில் துணி விளிம்பைத் தின்றுவிடும். கத்தி இருப்பதை ஊருக்கும் காட்டும். கிளிப்பைத் திருகு கழற்றி எடுத்துவிட முடிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஸ்டீல். நம் கடற்கரை ஊர்களில் வருடத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரமும் உப்பும். பையில் இருக்கிற கத்திக்கு அதோடு வியர்வையும் சேர்கிறது. வாய் எத்தனை நாள் மழுங்காமல் இருக்கும் என்று ஒப்பிடும் அட்டவணைகள் இணையம் முழுக்க இருக்கின்றன. அவை துருவைப் பேசுவதில்லை. அந்த அட்டவணைகளில் நல்ல இடம் பிடிக்கும் டி2 என்ற ஸ்டீல், குறைந்த விலையில் கிடைப்பதால் நிறையப் பேர் வாங்குகிறார்கள். அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், ஒன்றரை சதவீதக் கார்பன் அதில் பெரும்பகுதியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். சென்னை ஜூன் வியர்வையில் ஒரு வாரம் துடைக்காமல் இருந்தால் புள்ளி புள்ளியாகப் பழுப்பு வரும். முழுக் கார்பன் ஸ்டீல் இன்னும் மோசம். எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் நிமிடங்களில் கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். தினம் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவர்களுக்கு அது அருமையான இரும்பு. திருப்பாச்சேத்தி அரிவாளை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊருக்கு என் தேர்வு 14சி28என் என்ற ஸ்வீடன் ஸ்டீல். 14 சதவீதம் குரோமியம், கார்பன் 0.62 சதவீதம்தான், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், மெல்லிய வாய் எடுக்கும், சாதாரணக் கல்லில் பத்து நிமிடத்தில் கூர் வரும். 12சி27 அதற்கு ஒரு படி கீழே, அதுவும் நல்லதுதான். விக்டோரினாக்ஸ் பயன்படுத்தும் ஸ்டீல் இன்னும் மென்மை, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் சுமார் 56. அட்டை வெட்டினால் சீக்கிரம் மழுங்கும் என்று குறை சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் மறுபடி கூராகும், சில்லு உதிராது, துரு அண்டாது. எஸ்30வி, மேக்னாகட் போன்ற தூள் உலோக ஸ்டீல்கள் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வரும். 2021-இல் வந்த மேக்னாகட் துருவையும் தேய்மானத்தையும் ஒருசேரச் சமாளிக்கிறது. ஆனால் தீட்டத் தெரியாதவர் கையில் அதுவும் ஒருநாள் மழுங்கிய கத்திதான், அப்போது வைரத்தூள் பலகை இல்லாமல் தீட்டுவது கஷ்டம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் எச்1, எல்சி200என் என்ற நைட்ரஜன் ஸ்டீல்களைச் சொல்வேன். உப்புநீருக்கே அசையாது.

அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டு வகைப்பெயர் இல்லாவிட்டால், அல்லது '440' என்று போட்டு ஏ, பி, சி எதுவும் இல்லாவிட்டால், கீழ்த்தரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலிவு விலை 'டமாஸ்கஸ்' அலை வரிகளும் அப்படித்தான். பல சமயம் லேசர் போட்ட படம், உப்புத்தாளில் நாலு தேய்ப்பில் போய்விடும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு மூன்று கத்திகள். விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி, மூடியபோது 58 மி.மீ, 21 கிராம், சாவிக்கொத்தில் தொங்கும். அலகு, கத்தரிக்கோல், அரம், இடுக்கி, பல்குச்சி இருக்கின்றன. நகரத்து ஆளுக்கு அலகைவிட அந்தக் கத்தரிக்கோல்தான் அதிகம் உழைக்கும். பழம் வெட்ட மட்டும் கஷ்டம், அலகு ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. அடுத்தது அதே கம்பெனியின் கேடட், 84 மி.மீ, அலுமினியப் பிடி, 46 கிராம். டின் திறப்பானும் பாட்டில் திறப்பானும் திருப்புளி முனைகளோடு வருகின்றன. சட்டைப்பைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பிடி வைத்த அண்ணன் தம்பிகளைவிட மெலிது, வியர்வையில் கெடாது.

மூன்றாவது பிரெஞ்சு ஒப்பினெல். 1890 முதல் சவோய் மலைப்பகுதியில் செய்யப்படும் மரப்பிடிக் கத்தி. கழுத்தில் ஒரு உலோக வளையம், திருகினால் பூட்டும். அது 1955-இல் சேர்ந்தது. எண்கள்தான் அளவு. 6-ஆம் எண் அலகு 7 செ.மீ, 8-ஆம் எண் 8.5 செ.மீ. நம் மூன்று அங்குலக் கோட்டுக்குள் 6-தான் வரும். முதுகு 2 மி.மீகூட இல்லாததால் பழத்தில் ஓடுவது போல் வெட்டும். ஆனால் ஐப்பசி மழையில் பீச் மரப்பிடி ஈரம் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொண்டு திறக்க விடாது. பிடியின் பின்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்று வெளியே வரும், சவோய்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், வெயில் காலத்தில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, வளையத்தைக் கழற்றி, அலகு நுழையும் இடுக்கில் ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுத் தடவிக் காயவிடுங்கள். வாங்கும்போது 'இனாக்ஸ்' எழுத்து அலகில் இருக்கிறதா என்று பாருங்கள். 'கார்போன்' என்றிருந்தால் துருப்பிடிக்கும் வகை.

எந்தக் கத்தியானாலும் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனைகள் சில. மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள், அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வாய் அங்கேயே மழுங்கும். முனை பிடிக்குள் முழுக்கப் புதைந்திருக்கிறதா என்று விரல்நுனியை மேலே ஓட்டிப் பாருங்கள், துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் பையில் கைவிடும்போது குத்தும். திறந்த அலகின் முதுகைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். லேசான ஆட்டம் என்றால் அச்சாணித் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழும் ஆடினால் பூட்டே சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருகு தானாகக் கழன்றுகொண்டே இருந்தால், நீல நிற திரெட்லாக்கர் பசையை ஊசிமுனை அளவு வைத்து முடுக்கலாம். சிவப்பு நிறப் பசை வேண்டாம், சூடுகாட்டாமல் கழற்ற வராது.

சாணை பிடிப்பது பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தெருவில் வரும் சக்கரச் சாணைக்குச் சின்னக் கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் சில நொடியில் சூடேறி நீலம் பாயும், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 நம்பர் கல் ஒன்று போதும். வாய் ரொம்ப மழுங்கியிருந்தாலோ சில்லுப் போயிருந்தாலோ முதலில் அதைவிடச் சொரசொரப்பான 400 நம்பர் கல் தேவைப்படும்.

கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. அலகின் அகலம் 14 மி.மீ என்றால், முதுகைக் கல்லிலிருந்து சுமார் 4 மி.மீ தூக்கிப் பிடித்தால் 17 டிகிரி வரும். மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறத்தாழ அந்த உயரம். அடுக்கின்மேல் முதுகை ஒருமுறை சாய்த்து வைத்துப் பார்த்து, அந்தச் சாய்வைக் கைக்குப் பழக்கிக்கொண்டு நாணயத்தை எடுத்துவிடுங்கள். வாயோரம் மார்க்கர் பேனாவால் மை தடவி இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே போயிருக்கிறது என்பது கோணத்தைச் சொல்லும். மேல்பாதியில் மட்டும் போயிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, நுனியில் மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டீர்கள். ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருங்கள், மறுபக்கத்தில் விரலை வாய்க்குக் குறுக்கே வெளிப்புறமாக நகர்த்தினால், மடங்கி எழுந்த மெல்லிய உலோகப் பிசிறு தட்டுப்படும்வரை. அடியிலிருந்து முனைவரை முழு நீளத்துக்கும் பிசிறு வராமல் பக்கம் மாற்றுவதுதான், 'எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை' என்பதன் காரணம், பத்துக்கு ஒன்பது முறை. இரண்டு பக்கமும் பிசிறு எழுப்பியபின், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வோர் இழுப்பு, பத்து முறை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகை முன்னால் விட்டு இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும். தக்காளித் தோலில் எடையில்லாமல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் பிசிறு இன்னும் இருக்கிறது.

சுத்தம் செய்ய, வெதுவெதுப்பான சோப்புநீரில் அலகை நாலைந்து தரம் திறந்து மூடி, அழுக்கைப் பல்குச்சியால் எடுத்து, ஈரம் போக முழுதாகக் காயவிட்டு, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, வாயில் போனாலும் கெடுதல் இல்லை, கெட்டும் போகாது. தையல் மிஷின் எண்ணெய் இயக்கத்துக்குச் சரி, பழம் வெட்டுகிற கத்திக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்பதால் அதையே விடுவார்கள். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும், தூசியைச் சேர்த்துப் பிசினாகும். மார்கழியில் கத்தி திறக்கக் கஷ்டப்படுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

விமானப் பயணத்தில் கைப்பையில் கத்தி போகாது, செக்-இன் பெட்டியில் போடலாம். மெட்ரோ ரயில் நிலையச் சோதனையிலும் நிறுத்துவார்கள். பேன்ட் பையில் இருக்கிற கத்தியைக் கிளம்பும்போதே நினைவாக எடுத்து வைத்துவிடுவோம். பறிகொடுப்பது சாவிக்கொத்தில் தொங்கும் சின்னதைத்தான். சாவி வளையத்தில் நேராக மாட்டாமல், இழுத்தால் கழலும் சின்னக் கொக்கி ஒன்றில் மாட்டி வையுங்கள், வாசலிலேயே கழற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போகலாம்.